திருடினால்தான் செடி வளருமா?

இரவு மணி 10.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடி. நடையில் யாரும் இல்லை. ஒரு வீட்டின் கதவு மெல்லத் திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் கத்தரிக்கோல். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

எதிர் வீட்டு வாசலில் ஒரு தொட்டி இருந்தது. அதில் ஒரு கொடி தளதள என்று வளர்ந்து, சன்னல் கம்பியில் படர்ந்து இருந்தது. அவள் குனிந்தாள். "நறுக், நறுக்" என்று இரண்டு சத்தம். அடுத்த நொடி கதவு சாத்திக்கொண்டது.

அவள் திருடியது என்ன? தங்கமா? வைரமா?

இல்லை. மணி பிளாண்ட் கொடியின் இரண்டு பெரிய இலைகள்!

அவள் திருடி அல்ல. நல்ல பெண். கடைக்காரர் தவறுதலாக 10 ரூபாய் கூடக் கொடுத்து விட்டால், திரும்பப் போய்க் கொடுத்து விட்டு வருகிறவள். அவள் ஏன் இப்படிச் செய்தாள்?

"மணி பிளாண்டை விலைக்கு வாங்கக் கூடாது. கேட்டும் வாங்கக் கூடாது. திருடி வைத்தால்தான் வளரும். வீட்டில் பணமும் சேரும்" என்று யாரோ அவளுக்குச் சொன்னார்கள். அவள் நம்பினாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல ஊர்களில், பல வீடுகளில் நடக்கும் கதை. படித்தவர்களும் செய்கிறார்கள். சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். "செடிதானே! இதில் என்ன திருட்டு?" என்கிறார்கள்.

அது சரியா?

சரி அல்ல. இந்த நம்பிக்கையை மூட்டை கட்டிக் குப்பையில் போட வேண்டும். இதனால் செடிக்கும் நன்மை இல்லை. அண்டை வீட்டு உறவுக்கும் நன்மை இல்லை.

திருடியது வளர்ந்ததா?

அந்தப் பெண் இரண்டு இலைகளையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். சில வாரங்களில் இலைக் காம்பின் அடியில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பார்த்தீர்களா? திருடி வைத்தேன். வேர் விட்டு விட்டது!" என்று கணவனிடம் காட்டினாள்.

ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று மாதம் ஆயிற்று.

வேர் நீண்டது. ஆனால், ஒரு புது இலைகூட வரவில்லை. கொடி ஓடவில்லை. கடைசியில் அந்த இரண்டு இலைகளும் மஞ்சள் நிறம் ஆயின. அழுகிப் போயின.

திருடிய செடி அல்லவா? ஏன் வளரவில்லை?

காரணம் இதுதான். அவள் வெட்டி வந்ததில் கணு இல்லை!

கணுவில் இருக்கிறது உயிர்

கரும்பில் கணுவைப் பார்த்து இருப்பீர்கள். மூங்கிலில் பார்த்து இருப்பீர்கள். மணி பிளாண்ட் கொடியிலும் அதே போல் கணு உண்டு. இலைக் காம்பு தண்டோடு சேரும் இடம்தான் கணு. அந்த இடம் சற்றுப் பருத்து இருக்கும். அங்கே பழுப்பு நிறத்தில் சிறிய முண்டு ஒன்று தெரியும். அது வேராக வரப்போகிற இடம். அதன் அருகிலேயே கண்ணுக்குத் தெரியாத மொட்டு ஒன்று தூங்கிக்கொண்டு இருக்கும். அந்த மொட்டுதான் புதுக் கொடியாக வளரும்.

இலையிலும் காம்பிலும் அந்த மொட்டு இல்லை. ஆகவே, மணி பிளாண்ட் இலையைத் தனியாக வைத்தால் வேர் வரலாம். கொடி வராது.

கணு உள்ள ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். வளரும். விலைக்கு வாங்கி வையுங்கள். வளரும். கணு இல்லாத இலையை அரண்மனையில் இருந்து திருடி வந்தாலும் அது கொடி ஆகாது. செடிக்குக் கணு தெரியும். களவு தெரியாது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எப்படி நிலைத்து நிற்கிறது?

மணி பிளாண்ட் எளிதில் வளரும் செடி. எப்படி வைத்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். திருடி வைத்து, அது வளர்ந்தவர்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள். திருடி வைத்து, அது அழுகிப் போனவர்கள் வாயைத் திறப்பது இல்லை. திருடியதையும் சொல்ல வேண்டுமே! அதனால் பாதிக் கதைதான் நம் காதில் விழுகிறது.

பூக்காத கொடி

இந்தக் கொடியின் சொந்த ஊர் எது தெரியுமா? பசிபிக் பெருங்கடலில், தாகித்தி தீவின் பக்கத்தில் உள்ள மூரேயா என்ற சிறு தீவு. அங்கு இருந்து உலகம் முழுவதும் பரவி விட்டது.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. இந்தக் கொடி வீடுகளில் பூப்பது இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ம் ஆண்டில். அமெரிக்காவில் விஞ்ஞானிகள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்து 2016-ல் வெளியிட்டார்கள். பூப்பதற்கு வேண்டிய ஒரு சத்தை இந்தச் செடியால் போதிய அளவு உண்டாக்க முடியவில்லை. "ஜிபரெல்லின்" என்பது அதன் பெயர். அதை வெளியில் இருந்து தெளித்தார்கள். கொடி பூத்தது!

பூக்காத செடிக்குக் காய் ஏது? விதை ஏது?

அப்படியானால், இத்தனை நாடுகளில், இத்தனை வீடுகளில் இது எப்படி வந்தது? ஒருவர் வெட்டிக் கொடுத்தார். இன்னொருவர் வாங்கி வைத்தார். அவர் வளர்த்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார். உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் மணி பிளாண்டும் அப்படி எத்தனையோ கைகள் மாறி வந்ததுதான்.

கொடுத்துக் கொடுத்தே உலகம் சுற்றிய ஒரு செடி. அதைத் திருடினால்தான் வளரும் என்று சொல்வது எவ்வளவு பெரிய வேடிக்கை!

பாட்டன் காலத்துப் பாடம்

தண்டை வெட்டி நட்டுச் செடி உண்டாக்குவது நமக்குப் புதிது அல்ல.

கரும்பை விதை போட்டா பயிர் செய்கிறார்கள்? கரணை வெட்டித்தான் நடுகிறார்கள். கரணையில் பரு இருக்கிறதா என்று பார்த்துத்தான் நடுகிறார்கள். மரவள்ளிக் கிழங்குக்கும் குச்சிதான் விதை. வெற்றிலைக் கொடிக்காலில் கொடியைத் துண்டு துண்டாக வெட்டி, அகத்தி மரத்தின் அடியில் நட்டு ஏற்றி விடுகிறார்கள். கும்பகோணம் வெற்றிலைக்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் அதுதான் வழி. வீட்டுக் கொல்லையில் முருங்கை வைக்கப் போத்து ஒன்றை வெட்டி ஊன்றுவார்கள். அதன் தலையில் வெயில் பட்டு உலராமல் இருக்கச் சாணத்தை உருட்டி அப்புவார்கள்.

விவசாயி யாரும் "திருடிய கரணைதான் முளைக்கும்" என்று சொல்வது இல்லை. நல்ல கரணையா, பழுது இல்லாத பருவா என்றுதான் பார்க்கிறார். வயலில் இருக்கும் இந்த அறிவு, வீட்டு வாசலுக்கு வந்ததும் எங்கே போய் விடுகிறது?

உள்ளே என்ன நடக்கிறது?

வெட்டிய தண்டில் வேர் எப்படி வருகிறது?

செடியின் நுனியில் ஒரு சத்து உண்டாகிறது. அதன் பெயர் "ஆக்சின்." அது நுனியில் இருந்து கீழ் நோக்கி இறங்கும். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பிரிட்ஸ் வென்ட் என்பவர், ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி வைத்துச் சோதனை செய்தார். அப்படி ஒரு சத்து இருப்பதை 1928-ல் மெய்ப்பித்துக் காட்டினார். வேர் விடுவதற்கும் அதுவே காரணம் என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது.

தண்டை வெட்டினால் என்ன ஆகும்? மேலே இருந்து இறங்கி வரும் ஆக்சின் வெட்டுவாயில் வந்து தேங்கும். அங்கே உள்ள செல்கள் விழித்துக்கொள்ளும். வேராக மாறும்.

தண்டைத் தலைகீழாக நடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். நாம் தலைகீழாக நட்டாலும் ஆக்சினுக்குத் திசை மறக்காது. அது பழைய வழியிலேயே போகும். மண்ணில் இருக்கும் முனையில் வேர் வராமல் துண்டு காய்ந்து போகும்.

இதை விடப் பெரிய அதிசயமும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் என்ற விஞ்ஞானி காரட் கிழங்கில் இருந்து கண்ணுக்குத் தெரியாத செல்களைப் பிரித்து எடுத்தார். அவற்றைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்த திரவத்தில் வளர்த்தார். அதில் இருந்து முழுக் காரட் செடி வந்தது! அது 1958-ல் வெளியானது. செடியின் ஒரு துளியில்கூட முழுச் செடியாகும் ஆற்றல் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

ஆற்றல் எல்லாச் செடியிலும் இருக்கிறது. ஆனால், சில செடி எளிதில் அதைக் காட்டும். சில செடி காட்டாது. அது தெரிந்து வெட்ட வேண்டும்.

ஓர் இலையில் ஒரு குடும்பம்

மணி பிளாண்ட் இலையில் இருந்து கொடி வராது என்று பார்த்தோம். எல்லா இலையும் அப்படி அல்ல.

ரணகள்ளியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்குக் "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்று ஒரு பெயர். அதன் தடித்த இலையைப் பறித்துப் புத்தகத்தின் நடுவில் வைப்பார்கள். சில நாளில் இலையின் ஓரத்தில் வரிசையாகக் குட்டிச் செடிகள் முளைத்து நிற்கும். தண்ணீரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். இலைக்கு உள்ளே இருக்கும் ஈரமே போதும்.

ஜெர்மனியின் மாபெரும் கவிஞர் கதே இந்தச் செடியின் மேல் ஆசை வைத்து இருந்தார். அதன் குட்டிகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்றும் ஜெர்மனியில் அதற்குக் "கதே செடி" என்று ஒரு பெயர் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் செடிக்கு நிலைத்து விட்டது!

மருள் செடியையும் இலையில் இருந்து உண்டாக்கலாம். பாம்பின் உடம்பு போல வரி உள்ள நீண்ட இலை. அதை நான்கு விரல் அளவுத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர விட்டு, கீழ்ப் பக்கம் கீழே இருக்கும்படி மணலில் செருக வேண்டும். பொறுமை வேண்டும். புதுக் குருத்து வர மாதக்கணக்கில் ஆகும்.

இதில் ஒரு விசேஷம். சில மருள் செடியின் இலை ஓரத்தில் மஞ்சள் கரை இருக்கும். அந்த இலையை வெட்டி வைத்தால், வரும் குட்டியில் மஞ்சள் கரை இருக்காது. வெறும் பச்சையாக வரும். பலர் "மண் சரி இல்லை" என்று வருந்துகிறார்கள். மண் குற்றம் அல்ல. மஞ்சள் கரை வேண்டும் என்றால் இலையை வெட்டக் கூடாது. அடிக் கிழங்கைக் குட்டியோடு பிரித்து நட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் பிகோனியா இலையை எடுத்து, அதன் அடியில் உள்ள நரம்புகளைக் கத்தியால் கீறி, ஈர மணல் மேல் படுக்க வைக்கலாம். கீறிய இடங்களில் எல்லாம் குட்டி வரும்.

வெட்டுவது எப்படி?

தண்டில் இருந்து செடி உண்டாக்க நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை.

முதலில் தாய்ச் செடியைப் பாருங்கள். "தாயைப் போல பிள்ளை" என்பது செடிக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். மாவுப்பூச்சி பிடித்த செடியில் வெட்டினால் மாவுப்பூச்சியும் கூடவே வீட்டுக்கு வரும். நோய் இல்லாத, பூ இல்லாத, இளசும் முற்றலும் இல்லாத நடுத்தரத் தண்டே நல்லது.

காலை நேரத்தில் வெட்டுங்கள். அப்போது செடியில் நீர் நிறைந்து இருக்கும். கத்தியோ கத்தரிக்கோலோ, எதுவாக இருந்தாலும் கூர்மையாக இருக்கட்டும். சுடுநீரில் கழுவித் துடைத்து விடுங்கள். நசுங்கிய தண்டு அழுகும்.

இரண்டு மூன்று கணு உள்ள துண்டு போதும். அடிக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்ட வேண்டும். அடியில் உள்ள இலைகளைக் கிள்ளி விட வேண்டும். மேலே இரண்டு இலை இருக்கலாம். இலை மிகப் பெரியதாக இருந்தால் பாதியாக நறுக்கி விடலாம்.

ஏன்? இலை வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குடிக்கவோ இன்னும் வேர் இல்லை. வரவு இல்லாத வீட்டில் செலவைக் குறைக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான்.

தண்ணீரா? மண்ணா?

மணி பிளாண்ட், கோலியஸ், துளசி, கற்பூரவல்லி ஆகியவை தண்ணீரிலேயே வேர் விடும். அடிக் கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இலை தண்ணீரில் படக் கூடாது. பட்டால் அழுகும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். தண்ணீரில் வளர்ந்த வேருக்கு மண் புதிய இடம். முதல் இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, மல்லிகை, குரோட்டன்ஸ் ஆகியவற்றுக்கு மண்ணே நல்லது. ஆற்று மணலும் தென்னைநார்த் தூளும் பாதிப்பாதி கலந்தால் போதும். வேர் வரும் வரை உரம் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு விருந்துச் சாப்பாடு போடுவது போல ஆகி விடும். தொட்டியின் அடியில் கட்டாயம் ஓட்டை இருக்க வேண்டும். தயிர் டப்பாவிலும் ஓட்டை போட்டு வைக்கலாம். கடையில் தொட்டி வாங்க வேண்டும் என்பது இல்லை.

நட்ட பிறகு நிழலில் வையுங்கள். வெளிச்சம் வேண்டும். வெயில் வேண்டாம். ஓர் ஒளி புகும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் தங்கும். நம் ஊரில் ஆடிக்குப் பிறகு, மழை தொடங்கும் காலம் இதற்கு ஏற்றது. அக்கினி நட்சத்திர வெயிலில் வைத்து விட்டுச் செடியைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று. வேர் வந்து விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள்! பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

மூன்று துண்டு நட்டால் ஒன்று போகலாம். அதற்காக மனம் உடைய வேண்டாம். அனுபவம் உள்ள தோட்டக்காரருக்கும் அப்படித்தான்.

கொசுவுக்கு வீடு கட்டாதீர்கள்

பாட்டிலில் செடி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை.

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவது இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. உங்கள் மணி பிளாண்ட் பாட்டில் அதற்கு மாளிகை! முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

ஆகவே, வாரம் ஒரு முறையாவது தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாட்டிலின் உள் சுவரில் ஒட்டி இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

சிறு குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. மணி பிளாண்ட் இலையைக் கடித்தால் வாய் எரியும். அரளியோ உடம்பு முழுவதும் நஞ்சு. ரணகள்ளியை ஆடு மாடு தின்றால் ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

கழித்த தண்டுகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு நம் ஏரிகளை எப்படி அடைத்தது? ஒடிந்த தண்டுத் துண்டுகளும் மிதந்து போய் முளைத்ததால்தான்.

பணம் வருமா?

மணி பிளாண்ட் வைத்தால் பணம் வரும் என்கிறார்கள். வராது. வரும் என்றால் அதை விற்பவர்கள் எல்லாம் கோடீசுவரர்களாக இருப்பார்கள்.

"காற்றைச் சுத்தம் செய்யும்" என்று இப்போது ஒரு புதுப் பேச்சு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-ல் ஒரு சோதனை வெளியிட்டது உண்மை. ஆனால், அது இறுக மூடிய சிறு அறைகளில் செய்த சோதனை. நம் வீட்டில் சன்னல் இருக்கிறது. சன்னல் வழியே வரும் காற்று செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்துக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அப்புறம் வீட்டில் மனிதர் எங்கே இருப்பது? சன்னலைத் திறந்து வைப்பதே எளிது.

பணமும் வராது, காற்றும் சுத்தமாகாது. பிறகு எதற்காக வளர்க்க வேண்டும்?

கண்ணுக்குப் பசுமை. பிள்ளைகளுக்குப் பாடம். இவை போதாதா? போதாது என்றால் இன்னொன்றும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

பாட்டி வைத்த செம்பருத்தி

விதையில் இருந்து வருவது செடியின் பிள்ளை. தண்டை வெட்டி வைத்தால் வருவது பிள்ளை அல்ல. அதே செடிதான்!

கிராமத்து வீட்டில் பாட்டி ஒரு செம்பருத்தி வைத்து இருந்தார். அதில் இருந்து ஒரு போத்து மகள் வீட்டுக்குப் போகிறது. அங்கு இருந்து பேத்தி வீட்டுக்குப் போகிறது. ஒரு நாள் கிராமத்து வீடு விலை போகிறது. கிணறு தூர்ந்து போகிறது. பாட்டியும் இல்லை. ஆனால், பட்டணத்து மாடியில், ஒரு பிளாஸ்டிக் வாளியில், அந்தச் செம்பருத்தி பூக்கிறது. பாட்டி தண்ணீர் ஊற்றிய அதே செடி.

யாரும் வெட்டிக் கொண்டு போகாத செடி, அந்த வீட்டோடு போயிருக்கும்.

முன்பெல்லாம் கொடுப்பது பழக்கமாக இருந்தது. மகள் வீட்டுக்குப் போகும்போது பையில் இரண்டு போத்து இருக்கும். சுவருக்கு மேலே கை நீட்டி ஒரு கிளையைக் கேட்பார்கள். "இந்தாங்க அக்கா, எடுத்துக்கோங்க" என்று கொடுப்பார்கள். கூடவே எப்படி வளர்ப்பது என்றும் சொல்வார்கள். எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கத்து வெயில், என்ன பூச்சி வரும் என்ற அனுபவம் எல்லாம் கிளையோடு சேர்ந்து கை மாறும்.

இருட்டில் வெட்டுகிறவளுக்கு அந்த அறிவு கிடைக்குமா? கிடைக்காது. வெட்டுப்பட்ட இடத்தைக் காலையில் பார்க்கிறவருக்கு மனம் நோகும். யாரோ தெரியாது. எல்லார் மேலும் சந்தேகம் வரும். தொட்டியை உள்ளே எடுத்து வைத்து விடுவார். கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொள்ளும்.

அதோடு போகிறதா? பக்கத்தில் நின்று குழந்தை பார்க்கிறது. "கேட்காமல் எடுத்தால் தப்பு" என்று பகலில் சொன்ன அம்மா, இரவில் கத்தரிக்கோலோடு போகிறாள். குழந்தை எதை நம்பும்?

கேட்பதில் என்ன வெட்கம்?

"கேட்டால் தர மாட்டார்களே" என்று சிலர் சொல்லலாம். தராதவர்கள் உண்டு. அது அவர்கள் செடி, அவர்கள் விருப்பம். ஆனால், செடி வளர்க்கிறவர்களில் பெரும்பாலோர் கொடுப்பதற்கு ஆள் கிடைக்காதா என்று காத்து இருப்பவர்கள். கொடியை அவ்வப்போது கழிக்கத்தான் வேண்டும். கழித்தால் செடி கிளைத்து அடர்ந்து வளரும். கேட்கிறவர் வந்தால் கழித்தது குப்பைக்குப் போகாது.

"எல்லாரும் கேட்டு வாங்கினால் நர்சரிக்காரர் பிழைப்பு என்ன ஆவது?" என்ற கேள்வியும் நியாயமே. ஒட்டு மாங்கன்று வேண்டுமா? புதிய ரகம் வேண்டுமா? நர்சரிக்குத்தான் போக வேண்டும். அவருடைய உழைப்புக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். முதல் கொடி கையில் இருந்தால்தான் ஒருவருக்கு இரண்டாவது செடியில் ஆசை வரும். ஆசை வந்தவர்தான் நர்சரிக்குப் போவார்.

இலவசம் என்பதற்காக மட்டும் கேட்கச் சொல்லவில்லை. கேட்டால் ஒரு பேச்சு தொடங்கும். ஒரே மாடியில் ஐந்து ஆண்டாக இருந்தும் பெயர் தெரியாமல் வாழ்கிறார்களே, அவர்களுக்கு ஒரு முழம் கொடி ஒரு நல்ல சாக்கு.

கேட்டு வாங்கியவர் ஒன்றை மறக்கக் கூடாது. செடி வேர் விட்டதும் கொடுத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். உங்களிடம் உள்ள வேறு ஒரு செடியில் ஒரு கிளை வெட்டிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு உங்களுடையது பட்டுப் போனாலும் அவர் வீட்டில் இருக்கும்.

கதவு திறந்தது

அந்தப் பெண்ணின் கதை என்ன ஆயிற்று?

இலை அழுகிய பிறகு ஒரு நாள் மாலை அவள் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு வயதான அம்மாள் திறந்தார்.

"அம்மா, உங்கள் கொடியில் ஒரு துண்டு வேண்டும்" என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

அந்த அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். கொடியைக் கையில் ஏந்தி, கணுவை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்கே பார் கண்ணு. இதற்குக் கீழே வெட்ட வேண்டும். வெறும் இலையை வெட்டினால் வராது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. கண் கலங்கியது. மறுநாள் அவள் வீட்டுக் கற்பூரவல்லியில் இருந்து நான்கு கிளை, ஈரத்துணியில் சுற்றி, எதிர் வீட்டுக்குப் போயிற்று.

உங்கள் எதிர் வீட்டு வாசலிலும் ஒரு தொட்டி இருக்கும். இரவு வரை காத்து இருக்காதீர்கள். பகலிலேயே போய்க் கேளுங்கள்.